ஃபிட்ஸ்ராய் ஊற்றும் தண்ணீர்

கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றுவார். இடது கையை மார்பில் வைத்து, வலது கையில் சுரைக்குடுவையைச் சாய்த்து, குரோட்டன்ஸ் தொட்டிக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி செத்தவர்களின் பெயரைச் சொல்லுவார் ஃபிட்ஸ்ராய் லெஸாமா. ஒரு பெயருக்கு ஒரு சொட்டு. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "ஆஷே" என்று பதில் கொடுக்க வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள், வழியில் கடலில் எறியப்பட்டவர்கள், கரும்புத் தோட்டத்தை விட்டு மலைக்கு ஓடியவர்கள், ஆப்பிரிக்க ராஜாக்கள், ராணிகள், அவர்களுடைய படைத் தளபதிகள், அப்புறம் ஃபிட்ஸ்ராயின் சொந்த அத்தை. அத்தை எப்படித் தளபதிகளோடு வந்து நிற்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

பெல்மாண்ட் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். குடுவை காலியாவதற்குள் பத்தாகிவிடும். முன் வரிசைப் பிள்ளைகள் "ஆஷே" சொல்லிச் சொல்லியே தூங்கிப் போவார்கள். தூக்கத்திலும் வாய் மட்டும் சரியான இடத்தில் "ஆஷே" என்று முணுமுணுக்கும். தொட்டியில் இப்போது இருப்பது மூன்றாவது குரோட்டன்ஸ். முதல் இரண்டும் முன்னோர்களின் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிப் போயின.

ஃபிட்ஸ்ராய் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அது அடிமைக் காலத்து எஜமான் வைத்த பெயராம். அதைத் துறந்து முதலில் குவேசி ஆனார். அக்கம்பக்கத்தில் கேக் வெட்டிச் சொன்ன பிறகுதான் குவேசி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்று தெரிந்தது. இவர் பிறந்தது செவ்வாய்க்கிழமை. சரி, அதுவும் வேண்டாம் என்று அடேவாலே ஆனார். கிரீடம் வீட்டுக்கு வந்தது என்று பொருள். எந்த வீட்டுக்கு என்று அவருடைய மனைவி கேட்டாள். கேட்டுவிட்டுப் பக்கத்துத் தீவான டொபாகோவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் வரவில்லை.

எழுபதாம் வருடம் கறுப்பர் உரிமை கேட்டு ஊரே தெருவில் இறங்கிய ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடந்ததாகச் சொல்லுவார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. அவர் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஜன்னலில் முதல் வரிசை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பிழைப்பு சார்லட் தெருவில் ஒரு தள்ளுவண்டிக் கடை. கறுப்புச் சோப்பு, ஊதுபத்தி, உடம்பில் பூசுகிற கொட்டை வெண்ணெய், மார்பில் பூவேலை செய்த பளபளக்கிற சட்டைகள். சட்டைகள் சீனாவிலிருந்து பொட்டலமாக வருகின்றன. கழுத்தில் தைத்திருக்கும் சீனத் துணிச்சீட்டை நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த பிறகே கம்பியில் மாட்டுவார்.

"நம்ம தாய்மண்ணுல நெய்த துணிம்மா. தொட்டுப் பாருங்க, உள்ளங்கையில மத்தளம் அடிக்கும்."

அந்தச் சீட்டை வெட்ட மூக்குக்கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் சட்டையே கிழிந்துவிடும். ஆனால் ஆள் வருகிற சத்தம் கேட்டதும் கண்ணாடி ஊதுபத்திப் பெட்டிக்குள் போய்விடும். "எங்க பாட்டன்மாருங்க சிங்கத்தை அரைக் காதத்துக்கு அந்தாண்டயே ஆணா பெண்ணான்னு சொன்னவங்க. எங்க ரத்தத்துல கண்ணாடி கிடையாது" என்பார். பெட்டிக்குள்ளேயே கிடந்து அந்தக் கண்ணாடிக்குச் சந்தன வாசம் ஏறிவிட்டது. முகத்தில் கண்ணாடி இல்லாமல், மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தழும்போடு, எதிரே வருகிறவர் மூஞ்சி தெரியாமல், எல்லோரையும் பார்த்து அகலமாகச் சிரிப்பார். பெரிய மனசுக்காரர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கருவாடு பற்றி அவர் பேசியதைக் கேட்டால் சோறு இறங்காது. "அது கரும்புத் தோட்ட முதலாளி அடிமைக்குப் போட்ட தீனி. அதைத் தின்னுற வாயில விடுதலைன்னு சொல்லாதீங்க." சொல்லிவிட்டு நேரே, பள்ளிக்கூடத்தை நடத்துகிற லிஸ்ட்ராவின் சமையல்கட்டுக்கு வருவார். தக்காளி போட்டு வதக்கிய கருவாடும் சுட்ட ரொட்டியும் அங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்பார். விரலையும் நக்குவார்.

லிஸ்ட்ரா நோயல்தான் அந்தப் பள்ளிக்கூடம். வாரத்தில் ஐந்து நாள் அரசாங்கப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, சனிக்கிழமை சம்பளமில்லாமல் இங்கே வருகிறாள். கணக்கு, வாசிப்பு, பதினொரு வயதில் எழுதவேண்டிய பரீட்சைக்கான பயிற்சி. அதோடு, எந்தக் கடற்கரையிலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு நம் ஆட்களை ஏற்றி வந்தார்கள், இறங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் படம் வரையவைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். அரசாங்கப் பள்ளியில் அதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபிட்ஸ்ராய் வேலை, தண்ணீர் ஊற்றுவதும் முழங்குவதும்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது, லிஸ்ட்ராவும் மறுக்க மாட்டாள். ஆறு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலில் கத்தியது இந்த ஆசாமிதான். மூடிப்போன சாராயக்கடையிலிருந்து நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்தார். முதல் சனிக்கிழமை சந்து சந்தாக மத்தளம் அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். அந்தச் சுமையை இறக்கியவர் அதன் பிறகு இன்னொன்றைத் தூக்கவில்லை. ஆறு வருடமாக அதே நாற்காலிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகளை "குட்டி ராஜா", "குட்டி ராணி" என்று கூப்பிடுவார். கேட்க அழகாகத்தான் இருக்கும். எல்லாப் பையனும் குட்டி ராஜா, எல்லாப் பெண்ணும் குட்டி ராணி. ராஜாக்கள் சண்டை போட்டால் "ஏ ராஜா, ராஜாவை அடிக்காத" என்பார். இரண்டு பேரும் நிறுத்த மாட்டார்கள்.

கூடம் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமில்லை. அது பழைய சாவுச் சங்கத்தின் கூடம். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் வாராவாரம் சில்லறை போட்டு வைப்பார்கள். ஒருவர் செத்தால் பெட்டி, பாண்டு வாத்தியம், விருந்து எல்லாம் சங்கச் செலவு. சவம் வெளியே போகும் முன் செயலாளர் செத்தவர் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால்தான் சங்கத்துக்கு அவர் செத்தவர். பிறகு சுவரில் மாட்டிய பெயர்ப் பலகையில், அவர் பெயருக்குப் பக்கத்தில் தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு கறுப்புச் சிலுவை போடுவார்கள்.

பலகை இன்னும் இருக்கிறது. பெரிய மஞ்சள் எழுத்துகளில் ஏழு பெயர்கள். ஆறு பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை. ஏழாவது ஆள் தியோஃபிலஸ் கிட்டன்ஸ், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். எண்பத்தொன்பது வயதாகியும் சாகாமல் மலைமேட்டில் இருக்கிறார். கூடமும் சாவியும் அவருடையவை. அவருடைய தங்கை மகன் கெல்வின், கூடத்தை இடித்துவிட்டுக் கார் கழுவும் இடமும் பக்கத்திலேயே ஒரு பீர் கடையும் போடலாம் என்று கொஞ்ச நாளாக அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தான்.

லிஸ்ட்ராவுக்குத் தூக்கம் போய்விட்டது. வேறு இடம் கிடையாது. சர்ச் கூடத்தில் மத்தளம் கூடாது என்பார்கள். சமூகக் கூடத்தில் கட்சிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுவான். மேடு ஏறிப் போய்க் கிழவரைக் கெஞ்சினாள்.

"சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் பொண்ணே. பார்த்துட்டுச் சொல்றேன். என் கண்ணுக்குப் பிடிக்கலைன்னா கெல்வின் சோப்புத் தண்ணிய ஊத்திக்கட்டும்."

வந்து ஃபிட்ஸ்ராயிடம் சொன்னாள். "சங்கத்துப் பெரியவர் வர்றார். கூடம் இருக்கிறதும் போறதும் அவர் கையில. தண்ணிய சுருக்கமா ஊத்துங்க."

"இந்தக் கூடம் முன்னோர்களுடையது சகோதரி. மனுஷன் கையில இல்ல."

"முன்னோர் கையில சாவி இல்லண்ணே. இவர் கையில இருக்கு."

"வரட்டும். வந்து கேட்டா உருகிப் போயிருவார்." வருகிறவர் பெயர் என்ன என்று ஃபிட்ஸ்ராய் கேட்கவில்லை.

கிட்டன்ஸ் தாமதமாக வந்தார். கெல்வின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து பின் வரிசையில் உட்காரவைத்தான். அதற்குள் ஃபிட்ஸ்ராய் கண்ணை மூடியாகிவிட்டது. கடல், கப்பல், மலை, ராஜாக்கள், அத்தை எல்லாம் முடிந்து, வழக்கம்போல் சுவர்ப் பலகைக்கு வந்தார். அந்தப் பெயர்களை முதல் வருடமே மனப்பாடம் செய்திருந்தார். பெரிய எழுத்து என்பதால் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. சின்னச் சிலுவைகள் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அவர் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் லிஸ்ட்ரா எப்போதும் பின்கட்டில் பிள்ளைகளுக்குக் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருப்பாள். பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. இன்றைக்குத்தான் கேட்டாள்.

"பொனிஃபாஸ் கிரீனிட்ஜ்."

"ஆஷே."

"தியோஃபிலஸ் கிட்டன்ஸ்."

சொட்டு விழுந்தது. "ஆஷே" என்றன பிள்ளைகள்.

"இருக்கேன்" என்றது பின் வரிசை.

ஃபிட்ஸ்ராய்க்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடமாக ஊற்றிய தண்ணீருக்கு இன்றைக்குத்தான் ஒரு முன்னோர் வாய் திறந்திருக்கிறார். கண்ணைத் திறக்காமலே குடுவையை இரண்டு கையாலும் உயர்த்தினார்.

"மூத்தவரே, உங்க குரல் கேட்டுது. எங்கேர்ந்து பேசுறீங்க?"

"பின்னாடிதான். பாத்ரூம் கதவுகிட்ட."

பெற்றோர் கூட்டத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. ஃபிட்ஸ்ராய் கண்ணைத் திறந்தார். தடியை ஊன்றி எழுந்து நிற்கும் உருவம் அவருக்கு மங்கலாகத் தெரிந்திருக்கும்.

"எத்தனை நாளா என்னைக் கொன்னுக்கிட்டிருக்க?"

முன் வரிசையில் டிஷெல் என்கிற பெண் எழுந்து நின்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவளாக, "எல்லாச் சனிக்கிழமையும் தாத்தா" என்றாள்.

"மாமா, செத்தவருக்குக் கூடம் எதுக்கு? கிளம்புங்க" என்றான் கெல்வின்.

தப்பாகிவிட்டது பெரியவரே, மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று சொல்லில் முடிந்திருக்கும். லிஸ்ட்ரா பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று சொல்லுக்காகக் காத்திருந்தாள். ஃபிட்ஸ்ராய் வாயில் அது வருமா? தொண்டையைச் செருமினார். மார்பை நிமிர்த்தினார்.

"ஆப்பிரிக்காவுல ஒரு முறை உண்டு பெரியவரே. ரொம்பப் பெரிய மனுஷன்னா, உயிரோட இருக்கும்போதே தண்ணி விட்டுப் பேர் சொல்லுவாங்க. அது மரியாதை."

"அப்படியா. அப்ப உயிரோட இருக்கிறவனுக்கும் விடலாம்."

"விடலாம், விடலாம்."

"அப்ப இந்தப் பிள்ளைங்க உயிரோடதானே இருக்கு. விடு. பேர் சொல்லு."

குடுவையில் தண்ணீர் இருந்தது. ஃபிட்ஸ்ராய் சாய்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார்.

"குட்டி ராஜா..."

"அது பேரில்ல. நாய்க்கும் அதான் வெக்கிறாங்க."

"இவன்... இவன்தான் நம்ம வருங்காலம் பெரியவரே."

"வருங்காலத்துக்கு அவங்கம்மா வெச்ச பேர் என்ன?"

அவர் விரல் நீட்டியிருந்தது ஒன்பது வயசுப் பையனை நோக்கி. பத்து வருடத்துக்கு முன் தெருமுனையில் ஃபிட்ஸ்ராய் பேசியதைக் கேட்டு, வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அங்கேயே பெயர் முடிவு செய்தவள் அவனுடைய தாய் மார்வா. பையன் பெயரும் அடேவாலேதான். பின்னால் நின்ற மார்வா தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பையன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஸ்ட்ரா வாயெடுத்தாள். கிட்டன்ஸ் தடியை அவள் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை திரும்ப வர்றேன். எனக்கு விட்ட மாதிரியே தண்ணி விட்டு இதுங்க ஒவ்வொண்ணு பேரையும் சொல்லு. சொன்னா சாவி இந்தப் பொண்ணுகிட்ட. இல்லன்னா கெல்வின்கிட்ட."

அன்று மாலை பெல்மாண்டே லாட்டரிக் கடையில் நான்காம் எண்ணில் பணம் கட்டியது. எண் சீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு, நாலு என்றால் செத்த மனுஷன். கிட்டன்ஸும் கட்டினார். விழுந்தது பூரான். அதற்கும் ஃபிட்ஸ்ராய்தான் வசவு வாங்கினார்.

பிள்ளைகள் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. அதே சந்துகளில்தான் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி, உன் பெயர் என்னடா என்று கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆறு வருடம் ராஜா என்று தான் அழைத்த பையனிடம் உன் பெயர் என்ன என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். ஃபிட்ஸ்ராயிடம் மேடைத் தைரியம் மட்டும்தான் உண்டு. சந்தில் ஒரு பையன் எதிரே வந்தால் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

வியாழக்கிழமை லிஸ்ட்ராவின் சமையல்கட்டுக்கு வந்தார். கருவாட்டைத் தின்றார். "அந்த உயரமான ராஜா இருக்கானே சகோதரி, அவங்கப்பா என்ன வேலை பார்க்கிறாரு?" என்றார்.

"பேர் தெரியணும்னா பேரைக் கேளுங்க."

"அதுக்குக் கேக்கல."

"அப்ப கையக் கழுவுங்க. தட்டு வேணும் எனக்கு."

கழுவிக்கொண்டு போனார். போன பிறகு லிஸ்ட்ராவுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனிதனுடைய வீறாப்புக்கு அத்தனை பிள்ளைகள் தெருவுக்குப் போகவேண்டுமா? கூப்பிட்டு எல்லாப் பெயரையும் சொல்லித் தொலைத்திருக்கலாம். கால் எழவில்லை. கேட்காதவனுக்கு எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை கிட்டன்ஸ் முன்னாலேயே வந்து, முதல் வரிசை ஓரத்தில் சாவியை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்தார். கெல்வின் பக்கத்தில் அளவு நாடாவோடு நின்றான். ஃபிட்ஸ்ராய் வெள்ளை அங்கி போட்டு வந்தார். லிஸ்ட்ரா ஒன்றைக் கவனித்தாள். வழக்கமாக மார்பில் இருக்கும் இடது கை இன்றைக்கு மூடிய கையாக இருந்தது. கடல், கப்பல், அத்தை யாரும் வரவில்லை. நேரே குடுவையைத் தூக்கினார். தாங்கிப் பிடிப்பதுபோல் இடது கையை அதன் கீழே கொண்டு வந்து விரித்தார். உள்ளங்கை முழுக்க நீல மை. சுவரில் ஒட்டியிருந்த படங்களின் ஓரத்திலிருந்து பிள்ளைகளின் பெயர்களை விடிகாலையிலேயே வந்து எழுதியிருக்கிறார்.

"கெர்வின்" என்றார், தலையைக் குனிந்து, பக்தியாக.

கெர்வின் என்கிற சிறுவன் திடுக்கிட்டு எழுந்தான். "ஆஷே" சொல்வதா, என்ன சொல்வதென்று தெரியாமல் போன வாரம் கேட்டதையே சொன்னான். "இருக்கேன்."

"டிஷெல்."

"இருக்கேன்."

அடுத்த பெயரைப் படிக்கக் குனிந்தார். குடுவை தளும்பித் தண்ணீர் உள்ளங்கையில் கொட்டியது. மை கலைந்து நீலமாக விரலிடுக்கில் ஒழுகி, வெள்ளை அங்கியின் கைமடிப்பை நனைத்து, குரோட்டன்ஸ் இலையில் சொட்டியது.

"ஜெ... ஜென்..."

உள்ளங்கையை மூக்கருகே கொண்டு போனார். தள்ளிப் பிடித்தார். கெல்வின் அளவு நாடாவை ஒரு முழம் இழுத்து, மறுபடி உள்ளே விட்டான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

டிஷெல்தான் முதலில் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பெயர் எழுதிய அட்டை தெரியும்படி நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டுத் தூக்கினாள். பிறகு அந்த வரிசை, அடுத்த வரிசை. அடேவாலே கடைசியாகத் தூக்கினான்.

"மாமா, பாருங்க, காப்பி அடிக்கிறாங்க" என்றான் கெல்வின்.

"எனக்கென்னடா தெரியும்?" என்றார் கிட்டன்ஸ். "நான் செத்தவன். செத்தவனுக்குக் கண்ணு ஏது?"

ஃபிட்ஸ்ராய் நிமிர்ந்து பார்த்தார். வரிசையாக அட்டைகள், அட்டைகளில் எழுத்து, எல்லாம் ஒரே கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். பிறகு குடுவையைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, அங்கிக்குள் கையை விட்டுத் துழாவி, சந்தன வாசம் வீசும் அந்த மூக்குக்கண்ணாடியை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார்.